வலை ரூமுக்குள்ளே ஒரு சின்ன கேமரா

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் என் தாய்மாமா வீட்டுக்குப் பின்னால் வலை போட்டு வைக்கிற ரூம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு டியூப்லைட் தொங்கும், அதிலும் உப்புக்காற்றும் தூசியும் படிந்து பாதி வெளிச்சம்தான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், அந்த நாட்களில் மாமாவுக்கு அந்த ரூம்தான் உலகம். காலையில் டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை வலைக் கிழிசலைப் பொத்துவார். ஒரு கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலை ஊசி வலைக்கண்ணுக்கு வலைக்கண் போய் வரும்.

அதைப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. மண்டபம் ஊரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது சட்டைப்பையில் அடங்குகிற ஒரு சாதாரண கேமரா. கதவோரம் நின்றுகொண்டு, மாமாவைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று ஜூம் பண்ணி, பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். முதல் ஐந்தும் கலங்கிப்போயிருந்தன. பிறகு பிளாஷைப் போட்டேன். நைலான் நரம்பு வலை எனக்கும் அவருக்கும் நடுவில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஷ் அடித்ததும் வலை முழுக்க வெள்ளை வெளேரென்று எரிந்தது, அதற்குப் பின்னால் கறுப்பாக ஏதோ ஒரு உருவம் தெரிந்தது.

சாயங்காலம் திரையில் காட்டினேன். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மாப்ள, இதுல என்னையக் காணோமே. வலைதான் இருக்கு" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கணக்கு அப்புறம்தான் புரிந்தது. தூரம் இரு மடங்கானால் பிளாஷ் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது, அதாவது தூரத்தின் வர்க்கத்தில் குறைகிறது. கேமராவுக்கு ஒரு அடியில் வலை, மூன்று அடியில் மாமா முகம் என்றால், வலைக்குக் கிடைத்ததில் ஒன்பதில் ஒரு பங்குதான் முகத்துக்குப் போகும். எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது மாறாது. முன்னால் எதுவும் இல்லாமல் இருந்தால்தான் நேர் பிளாஷ் உதவும், அப்போதும் நெற்றியும் மூக்கு நுனியும் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கும்.

அந்த கேமரா அதிக நாள் இருக்கவில்லை. தனுஷ்கோடிக்குப் போனபோது பேண்ட் பாக்கெட்டில் உறையில்லாமல் போட்டிருந்தேன். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிற வகை என்பதால் அந்த இடுக்கில் மணல் புகுந்து, கரகரவென்று சத்தம் போட்டு பாதியில் நின்றுவிட்டது. நம் கடற்கரையில் கேமரா வைத்திருக்கிற யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்: ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று இல்லாமல் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

அடுத்து மதுரையில் பழைய கேமரா விற்கிற கடையில் சோனி ஆர்எக்ஸ்100 ஒன்று வாங்கினேன். 2012-ல் வந்த முதல் மாடல். பழசுதான். ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்துக்கு வயது முக்கியமில்லை, உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சாரின் பரப்புதான் முக்கியம். சாதாரண பாக்கெட் கேமராக்களின் சென்சார் ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், அதாவது 28 சதுர மில்லிமீட்டர். இதில் 13.2க்கு 8.8, அதாவது 116 சதுர மில்லிமீட்டர். நாலு மடங்கு. மழைத்தண்ணீர் பிடிக்க செம்பை வைப்பதற்கும் அகலமான அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அண்டாவை வாங்கிவிட்டேனே தவிர, முதல் மாதம் என் படங்கள் பெரிதாக மாறவில்லை. காரணம், நான் பழையபடியே ஜூமைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த லென்ஸ் அகலக் கோணத்தில், அதாவது ஜூம் அளவு 28-ல், எஃப் 1.8 வரை திறக்கும். எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் சின்னதானால் துவாரம் பெரிது. முழு ஜூமில், 100-ல், எஃப் 4.9-க்கு மேல் திறக்காது. இரண்டுக்கும் நடுவே வெளிச்சத்தில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். அகலத்தில் அறுபதில் ஒரு நொடியில் விழுகிற படத்துக்கு ஜூமில் எட்டில் ஒரு நொடி வேண்டும். எட்டில் ஒரு நொடிக்குள் மாமா ஊசியை வலைக்கண்ணுக்குள் விட்டு வெளியே எடுத்துவிடுவார். எனக்குக் கையும் ஆடும். பெரும்பாலான சின்ன கேமராக்களுக்கு இதே கதைதான். லென்ஸைச் சுற்றி இரண்டு எஃப் எண்கள் எழுதியிருக்கும். முதல் எண் அகலத்துக்கு, இரண்டாவது ஜூமுக்கு. வீட்டுக்குள் நமக்கு முதல் எண் மட்டும்தான் சொந்தம்.

அதனால் இருட்டில் ஜூம் பொத்தானைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆள் சின்னதாகத் தெரிந்தால் நான் கிட்டே போக வேண்டும். இது கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும், ஒரு மீட்டர் தூரத்துக்குள் கேமராவோடு போய் உட்கார வேண்டும் என்றால் அந்த மனிதர் உங்களை அங்கே உட்கார விட வேண்டும். கதவோரம் நின்று எடுத்துவிட்டு ஓடுகிற வேலை நடக்காது. அடுத்த மே மாதம் நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த வலை ரூமில் உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு கேமராவை வெளியிலேயே எடுக்கவில்லை. ஊசியில் நூல் சுற்றிக் கொடுத்தேன், கேட்டபோது கத்தியை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்குத்தான் வெளிச்சத்தைப் பார்த்தேன். மாமா வழக்கமாக உட்காருகிற மூலை கதவிலிருந்து எட்டடி உள்ளே. கதவிலிருந்து இரண்டடியில் ஒரு இடம் காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறு டியூப்லைட்டை அணைத்துவிட்டு கேமராவை இரண்டு இடத்திலும் வைத்து அளந்தேன். மூலையில் பதினைந்தில் ஒரு நொடி கேட்டது, கதவருகில் நூற்றிருபத்தைந்தில் ஒரு நொடி. எட்டு மடங்கு வெளிச்சம், ஆறடி நகர்ந்ததற்குக் கிடைத்தது. கேமராவை மாற்றி இவ்வளவு வாங்க வேண்டுமென்றால் எத்தனையோ ஆயிரம் ஆகும்.

"மாமா, கொஞ்சம் வாசப்பக்கம் உக்காந்து பொத்துறீங்களா?" என்றேன். "எனக்கும் அங்கன நல்லாத்தான் கண்ணு தெரியும்" என்று வலையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். படத்துக்கு எது நல்ல வெளிச்சமோ அதுதான் வேலைக்கும் நல்ல வெளிச்சம். காய் நறுக்குகிறவர்கள், பாசிமணி கோக்கிறவர்கள், பேப்பர் படிக்கிறவர்கள் எல்லாரும் கண் தெரிய வேண்டிய இடத்தைத் தேடித்தான் உட்காருவார்கள். அந்த இடத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

கதவு வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்ததால் மறுபக்கக் கன்னம் இருண்டிருந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டியை எடுத்து இரண்டாக மடித்து, இருட்டுப் பக்கத்தில் ஒரு நாற்காலி முதுகில் போட்டேன். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. படத்தில் அந்தக் கன்னத்துச் சுருக்கங்கள் எல்லாம் வந்தன. வேட்டி வெளுப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் பிடித்த துணி முகத்தையும் மஞ்சளாக்கும்.

கையாட்டம் பற்றிச் சொல்ல வேண்டும். கேமராவில் இருக்கிற ஆட்டத் தடுப்பு நம் கை ஆடுவதைத்தான் தடுக்கும், எதிரில் இருப்பவர் கை ஆடுவதைத் தடுக்காது. இதை நான் ரொம்ப நாள் குழப்பிக்கொண்டிருந்தேன். வேலை செய்கிற கையைத் தெளிவாகப் பிடிக்க அறுபதில் ஒரு நொடியாவது வேண்டும், நூறில் ஒன்று இருந்தால் நிம்மதி. அதைவிட முக்கியமானது, எந்தக் கை வேலைக்கும் ஒரு நிற்கிற நேரம் உண்டு. வலை பொத்தும்போது ஊசியை இழுத்து முடிச்சை இறுக்குகிற இடத்தில் கை ஒரு கணம் அசையாமல் நிற்கும். மாமாவோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அந்தத் தாளம் எனக்குப் பிடிபட்டது. உள்ளே, சுற்று, இழு, நில். நில் என்கிற இடத்தில் பொத்தானை அழுத்தினால் முப்பதில் ஒரு நொடியில்கூட விரல் தெளிவாக விழும். அப்படியும் ஒரே படத்தை நம்பாமல் தொடர்ச்சியாக மூன்று நான்கு எடுப்பேன். முதலாவது பொத்தானை அழுத்துகிற விசையில் ஆடியிருக்கும், நடுவில் உள்ளது நன்றாக இருக்கும்.

நான் முழங்கையை விலாவோடு ஒட்டி, முதுகைக் கதவு நிலையில் சாய்த்து, மூச்சை விட்டுவிட்டு எடுப்பேன். ஆள் இல்லாத காட்சி, அடுக்கி வைத்த வலை, மிதவைகள், சுவரில் தொங்கும் சாமான் என்றால் கேமராவை ஒரு பெட்டி மேலோ உரல் மேலோ வைத்து இரண்டு நொடி டைமர் போட்டுவிட்டால் போதும். அப்போது ஐஎஸ்ஓவை, அதாவது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டுகிற அளவை, 125-க்கு இறக்கி, ஒரு நொடி, இரண்டு நொடி என்று தாராளமாக எடுக்கலாம்.

ஐஎஸ்ஓ என்றால் எல்லாரும் பயப்படுகிறார்கள். நானும் 400-க்கு மேல் ஏற்றாமல் படத்தைக் கலங்கவிட்டுக்கொண்டிருந்தேன். புள்ளிபுள்ளியாக வந்த படத்தைப் பார்க்க முடியும், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. என் கேமராவில் 1600 வரை கவலையில்லாமல் போவேன். சின்ன சென்சார் என்றால் 400, 800-லேயே புள்ளி தெரியும், அப்போதும் கலங்கலைவிட அதுவே மேல். இன்னொன்று, ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். சின்ன சென்சாரில் அப்படிச் செய்தால் இருட்டான பகுதிகளில் புள்ளிகளோடு நிறமும் சிதறி வரும்.

இன்னும் தைரியம் வேண்டுமென்றால் ஒரு படத்தை 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் அந்தப் பிரிண்டுக்குத் தேவை 1200க்கு 1800, சுமார் 22 லட்சம் பிக்சல்தான். கேமரா தருவது 2 கோடி. ஒன்பது பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது, அந்தச் சேர்க்கையில் மணல் மாதிரித் தெரிந்ததெல்லாம் அடங்கிவிடும். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி மனசு உடைந்து அழித்துவிட்ட படங்கள் என்னிடம் நிறைய உண்டு. இன்றைக்கும் அவற்றுக்காக வருத்தப்படுகிறேன்.

கிட்டே போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 28-ல் ரொம்ப நெருங்கினால் மூக்கு பெரிதாகவும், ஓரத்தில் இருக்கும் கை கால்கள் இழுபட்டும் தெரியும். முகத்தை நடுவில் வைத்து, அரை அடி பின்னால் வந்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். 2 கோடி பிக்சலில் கொஞ்சம் வெட்டினால் குறை தெரியாது. ஒரு நல்ல பக்கமும் உண்டு. சின்ன சென்சார் என்பதால் எஃப் 1.8-லேயே, ஒரு மீட்டர் தூரத்தில், முன்னும் பின்னுமாக ஒரு அடிக்கு மேல் தெளிவாக இருக்கும். மாமாவின் கண்ணும் அவர் கையில் இருக்கிற ஊசியும் ஒரே படத்தில் தெளிவாக விழுந்தது இதனால்தான். பெரிய கேமராக்காரர்கள் இதற்கு லென்ஸ் துவாரத்தைச் சுருக்க வேண்டியிருக்கும், வெளிச்சத்தை இழப்பார்கள்.

ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பு இருந்தால்தான் கேமராவுக்குப் பிடி கிடைக்கும். கன்னத்தில் வைத்தால் தேடிக்கொண்டே இருக்கும். சட்டைக் காலர், மூக்குக்கண்ணாடி விளிம்பு, அதே தூரத்தில் உள்ள எதிலாவது நடுப்புள்ளியை வைத்துப் பாதி அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸுக்காக முன்னால் எரிகிற ஆரஞ்சு விளக்கை அணைத்து வையுங்கள். அது முகத்தில் விழுந்ததும் ஆள் நிமிர்ந்து போஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

போன் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. இருட்டில் போன் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத பொருளுக்கு அது அருமை. வலை ஊசி மாதிரி ஓடுகிற ஒன்று அந்தச் சேர்க்கையில் இழுவிப் போகிறது. அதோடு என் போன் மாமா முகத்தை வழவழவென்று ஆக்கிவிடுகிறது. நாற்பது வருஷம் கடல் வெயிலில் காய்ந்த முகம் அது. அந்தச் சுருக்கங்களைத் துடைத்துவிட்ட படம் எனக்கு வேண்டாம்.

கூட வேலை பார்க்கிற நண்பனின் ஊர் சாயல்குடிக்குப் பக்கம். பனை சீசனில் அங்கே ஒரு ஓலைக் குடிசையில் பதனி காய்ச்சுவதைப் படம் எடுக்கப் போயிருந்தேன். வலை ரூமில் படித்த பாடம் பாதிதான் அங்கே செல்லுபடியானது. ஓலைச் சுவர், ஓலைக்கூரை, நடுவில் அடுப்பு. வெளிச்சம் நெருப்பிலிருந்தும் ஓலை இடுக்கிலிருந்தும் மட்டும். ஐஎஸ்ஓ 1600, எஃப் 1.8, அறுபதில் ஒரு நொடி. அதற்குக் கீழே இறங்க முடியவில்லை.

அங்கே கேமராவின் மனக்கணக்கு நன்றாகப் புரிந்தது. அது எதைப் பார்த்தாலும் சராசரியாக ஒரு சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அடுப்பு நெருப்பு சட்டகத்துக்குள் பெரிதாக இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துப் பாகு கிண்டுகிற அக்காவின் முகத்தைக் கரியாக்கிவிடும். நெருப்பை விட்டுவிட்டு இருண்ட ஓலைச் சுவரை மட்டும் காட்டினால் அதைப் பகல் மாதிரி வெளுக்க வைத்துவிடும். படத்தைக் கூட்டியோ குறைத்தோ வெளிச்சமாக்கச் சொல்கிற திருத்தத்தை முதல் நிலையில் பிளஸ் 1, இரண்டாவது நிலையில் மைனஸ் 0.7 என்று வைத்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர், பின்னால் ஜன்னல் என்றாலும் இதே பிளஸ்தான். முகத்துக்கு வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஜன்னல் வெளுத்துப் போனால் போகட்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெருப்பு வெளிச்சத்தில் எல்லாம் செக்கச்சிவந்து வரும். அதைக் கம்ப்யூட்டரில் முழுசாகத் திருத்தினால் நெருப்பு வெள்ளையாகி, குடிசை ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடுகிறது. கேமரா திருத்தாமல் தருகிற ரா கோப்பாக எடுத்துவைத்து, அந்தச் சிவப்பைப் பாதி மட்டும் குறைத்தேன். ஆவி லென்ஸில் படிந்து இரண்டு முறை எல்லாம் பனிமூட்டமாக வந்தது. அக்காதான், "தம்பி, காத்து அடிக்கிற பக்கம் வந்து உக்காருங்க, ஆவி அந்தப் பக்கம் போயிரும்" என்று இடம் காட்டினார். பாகு பதம் வந்து சிரட்டையில் ஊற்றுகிற படம் அங்கிருந்து எடுத்ததுதான். அந்தக் குடிசையில் தினமும் உட்காருகிறவருக்கு வெளிச்சமும் காற்றும் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் கேட்டுவிடுகிறேன்.

ராத்திரி விசேஷங்கள் தனி. அக்கா மகளுக்கு வளைகாப்பு மண்டபம் ஊரில் வீட்டிலேயே நடந்தது. ஹாலில் இரண்டு டியூப்லைட், மணை மேல் சீரியல் பல்பு. இருநூற்றைம்பதில் ஒரு நொடியில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், ஒன்று பச்சையாகவும் இன்னொன்று மஞ்சளாகவும் வந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மின்னி அணைகிறது. ஷட்டரை நூறில் ஒன்று அல்லது ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழு மின்னல் கிடைத்துவிடும், நிறமும் ஒரே மாதிரி இருக்கும். மலிவான எல்.இ.டி. பல்புகளிலும் இந்தத் தொல்லை உண்டு. சீரியல் பல்பை மட்டும் சொல்லி அணைக்க வைத்தேன். ஒரே வகை விளக்கு இருந்தால் முகத்தில் இரண்டு நிறம் வராது.

இந்த கேமராவின் பிளாஷ் மேலே எழும்பி நிற்கும், ஒரு விரலால் பின்னால் சாய்த்துப் பிடிக்கலாம். அப்போது வெளிச்சம் சீலிங்கில் பட்டு மெதுவாக இறங்கும். நேர் பிளாஷின் மினுமினுப்பும் சுவரில் விழுகிற கறுப்பு நிழலும் போய்விடும். சீலிங் வெள்ளையாகவும் பத்தடிக்குள்ளும் இருந்தால்தான் இது பலிக்கும். சுவரில் பட்டுத் திரும்ப விடாதீர்கள். நம் வீடுகளில் சுவர் இளம்பச்சையோ ரோஸோ நீலமோ அடித்திருப்பார்கள், அந்த நிறம் அப்படியே கன்னத்தில் ஏறும். ஓலைக் கூரை வெளிச்சத்தை விழுங்கிவிடும், ஆஸ்பெஸ்டாஸும் அப்படித்தான்.

ராமேஸ்வரம் கோயிலுக்குள் கேமராவும் போனும் கொண்டுபோகக் கூடாது. எனக்கு அதில் வருத்தமில்லை. மூன்றாம் பிரகாரத்தின் 1212 தூண்களுக்கு நடுவே கேமரா இல்லாமல் நடந்து, எதிரே வருகிறவர் முகத்தில் எந்த இடத்தில் வெளிச்சம் ஏறுகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். பார்க்கிற பழக்கம் எனக்கு அங்கே வந்த அளவுக்கு எந்த வீட்டிலும் வரவில்லை.

கடலோரத்தில் கேமராவைப் பாதுகாக்க இரண்டே விஷயம் செய்கிறேன். ஏசி காரிலிருந்து இறங்கினதும் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் விடுவேன், இல்லையென்றால் லென்ஸ் வேர்த்துவிடும். வீட்டுக்கு வந்ததும் லென்ஸில் படிந்த உப்புப் பிசுக்கை, முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, மெல்லிய துணியால் துடைப்பேன். அந்தப் பிசுக்கு இருந்தால் ஜன்னலைப் பார்த்து எடுக்கிற படமெல்லாம் பால் ஊற்றின மாதிரி வெளுக்கும்.

மாமா படத்தை ராமநாதபுரத்தில் 8க்கு 12 அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. விரலை வைத்து வலையில் ஒரு இடத்தைத் தொட்டு, "இந்தக் கண்ணு பெருசாப் போச்சு, இதத் திருப்பிப் போட்டேன் அன்னைக்கு" என்றார். அத்தை அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய், ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு வாசப்படி ஓரம் வந்து உட்கார்ந்தார். "அந்த வெள்ளை வேட்டி கொடியிலதான் கெடக்கு, எடுத்துக்கப்பா" என்றார்.